சங்கரன்கோவில் தறிக்கும் நெய்வேலி சுரங்கத்துக்கும் என்ன சம்பந்தம்? நிலக்கரித் தொழில் திணறுவது ஏன்?

சங்கரன்கோவில், சிந்தாமணி, புளியங்குடி பக்கம் விசைத்தறி ஓட்டுபவர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் கரன்ட் இலவசம். முன்பு 750 யூனிட்டாக இருந்தது, 2023-ல்தான் ஆயிரமானது. அந்த 1000 யூனிட்டும் முழுக்க முழுக்க நிலக்கரியில் இருந்தே வருகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதற்கு எவ்வளவு நிலக்கரி எரிக்கணும்?

ஒடிசா நிலக்கரி என்றால் ஏறத்தாழ 700 கிலோ. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி என்றால் ஒரு டன்னுக்கும் மேல். அந்த ஒரு டன்னை எடுக்க, அதன் மேல் கிடக்கும் மண்ணை ஐந்தரை முதல் ஆறு கன மீட்டர் வரை அள்ளி வேறு இடத்தில் கொட்ட வேண்டும். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் இரண்டு யூனிட் மண். இது கரன்ட் யூனிட் இல்லை, டிப்பரில் மண் அளக்கிற யூனிட்! ஒரு தறிக்காரரின் ஒரு பில்லுக்குப் பின்னால் இவ்வளவு வேலை இருக்கிறது.

அந்த வேலையைச் செய்யும் தொழில்தான் இப்போது நாலு பக்கமும் நெருக்கடியில் இருக்கிறது. இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் இன்றும் நிலக்கரியில் இருந்துதான் வருகிறது. 2024-25 நிதியாண்டில் நாட்டின் நிலக்கரி உற்பத்தி முதன்முறையாக 100 கோடி டன்னைத் தாண்டியது. கேட்டால் ஓஹோவென்று ஓடும் வியாபாரம் மாதிரிதான் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் கதை வேறு.

நகர்ந்துகொண்டே இருக்கும் குழி

முதலில் நமக்குப் பக்கத்தில் இருக்கும் சுரங்கம். 1956-ல் தொடங்கப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம், 1961-ல் முதன்முதலாக நிலக்கரிப் படிவத்தைத் தொட்டது. அடுத்த ஆண்டே சோவியத் உதவியுடன் கட்டிய அனல்மின் நிலையத்தில் மின் உற்பத்தி ஆரம்பம். இன்று அதன் பெயர் என்எல்சி இந்தியா லிமிடெட்.

ஒரு நூல் மில் கட்டணும் என்றால் நிலத்தை ஒரு தடவை வாங்கினால் போதும். திறந்தவெளிச் சுரங்கத்துக்கு அப்படி இல்லை. முன்பக்கம் தோண்டத் தோண்ட, பின்பக்கம் மண்ணைப் போட்டு மூடிக்கொண்டே நகர வேண்டும். அதாவது சுரங்கம் என்பது ஓரிடத்தில் நிற்கும் குழி அல்ல, நகரும் குழி. வருஷா வருஷம் புது நிலம் கிடைக்காவிட்டால் கோடிக்கணக்கில் வாங்கிப்போட்ட இயந்திரம் சும்மா நிற்கும். அதை நம்பியிருக்கும் மின் நிலையமும் நிற்கும்.

2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில் நடந்தது இதன் விளைவுதான். இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிட 12 கி.மீ. கால்வாய். அதில் பெரும்பகுதி முடிந்து, கடைசி ஒன்றரை கி.மீ. மட்டும் பாக்கி. ‘பத்து வருஷத்துக்கு முன்பே கையகப்படுத்திய நிலம்’ என்றது நிறுவனம். ஆனால் அந்த நிலத்தில் விவசாயிகள் தொடர்ந்து பயிர் செய்துவந்தார்கள். கதிர் பிடிக்கும் நிலையில் இருந்த நெல்லுக்குள் பொக்லைன் இறங்கிய வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. போராட்டம் கலவரமானது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. பயிருக்கு ஏக்கருக்கு 40 ஆயிரம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி உத்தரவு வந்தது.

பத்து வருஷம் காத்திருந்தவர்களுக்கு இன்னும் இரண்டு மாதம் காத்திருந்து அறுவடை முடியட்டும் என்று விட மனம் வரவில்லையா என்பதுதான் அன்று எல்லோரும் கேட்டது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் மழைக்காலம் வருவதற்குள் கால்வாய் முடியாவிட்டால் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகும் என்ற பயமும் நிஜம்தான். தொழில் ரீதியாகப் பார்த்தால், கடைசி நிமிடம் வரை நிலப் பிரச்சினையைத் தள்ளிப்போட்டதுதான் தவறு. அதற்கான விலையை நெல் கொடுத்தது.

நிலம் கொடுக்க மக்கள் ஏன் தயங்குகிறார்கள்? பணம் மட்டும் காரணம் இல்லை. ஏக்கருக்கான தொகை 20 லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது. மக்கள் கேட்பது நிரந்தர வேலை. தாத்தா காலத்தில் நிலம் கொடுத்த குடும்பங்களில் இருந்து இன்றும் ஒப்பந்தத் தொழிலாளர்களாகவே வேலை பார்ப்பவர்கள் உண்டு; பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் செய்த போராட்டங்களுக்குக் கணக்கில்லை. மறுபக்கம், ராட்சச வெட்டும் இயந்திரங்களும் கன்வேயர் பெல்ட்டும் வந்தபிறகு சுரங்கத்துக்கு அத்தனை கைகள் தேவைப்படவில்லை. ஆட்களைக் குறைத்தால்தான் யூனிட் விலை கட்டுப்படியாகும். வேலை கொடுத்தால்தான் நிலம் கிடைக்கும். இந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

புதிய இடம் தேடலாமே என்றால், அதற்கும் வழி குறுகிவிட்டது. 2023 மார்ச் இறுதியில் மத்திய அரசு ஏலத்துக்கு அறிவித்த பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என மூன்று தமிழ்நாட்டு இடங்கள் இருந்தன. டெல்டா கொதித்தது. வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் 2020-லேயே இருக்கும்போது இது எப்படி என்று எல்லாக் கட்சிகளும் கேட்டன. ஏப்ரல் 8-ம் தேதி மூன்றும் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டன. பத்தே நாள் கதை அது. ஆனால் தமிழ்நாட்டில் புதிதாக ஒரு சுரங்கம் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அந்தப் பத்து நாள் சொல்லிவிட்டது.

இன்னொரு சிக்கல் தண்ணீர். நெய்வேலி நிலக்கரிக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. அதை இரவு பகலாக மோட்டார் போட்டு இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும். அதனால், ‘இந்த மாசம் வியாபாரம் டல், கொஞ்சம் மூடி வைப்போம்’ என்று பூட்டிவிட்டுப் போகிற தொழில் இல்லை இது. விற்றாலும் விற்காவிட்டாலும் செலவு ஓடிக்கொண்டே இருக்கும்.

சாம்பலுக்கும் கப்பல் வாடகை

சங்கரன்கோவிலில் இருந்து சுமார் 100 கி.மீ. தூரத்தில் தூத்துக்குடி அனல்மின் நிலையம். 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகள். முதல் அலகு ஓடத் தொடங்கியது 1979-ல். பக்கத்திலேயே என்எல்சியும் தமிழ்நாடு மின்வாரியமும் சேர்ந்து கட்டிய 1000 மெகாவாட் நிலையம். நெய்வேலி பழுப்பு நிலக்கரியை இவ்வளவு தூரம் கொண்டுவர முடியாது. அதில் பாதி ஈரம். வெளியில் குவித்து வைத்தால் தானாகவே தீப்பிடிக்கும் குணமும் உண்டு. அதனால் சுரங்க வாசலிலேயே எரித்துவிடுகிறார்கள்.

அப்போ தூத்துக்குடிக்கு நிலக்கரி எங்கிருந்து வருது?

ஒடிசாவின் தால்சேர் சுரங்கத்தில் வெட்டி, ரயிலில் பாரதீப் துறைமுகம். அங்கே கப்பலில் ஏற்றி வங்காள விரிகுடா வழியாகத் தெற்கே. பாக் நீரிணையில் ஆழம் போதாது என்பதால் பெரிய கப்பல் நேராக வர முடியாது. இலங்கையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றித்தான் தூத்துக்குடிக்கு வரும். (2005-ல் தொடங்கிய சேது சமுத்திரத் திட்டம் அந்தச் சுற்றைக் குறைப்பதற்குத்தான். அது நின்றுபோன கதை தனி.) இந்திய நிலக்கரியில் நூறு கிலோவுக்கு 30 முதல் 40 கிலோ வரை சாம்பல். அதாவது ஒவ்வொரு கப்பலிலும் மூன்றில் ஒரு பங்கு சாம்பலுக்கு வாடகை கொடுத்துக் கூட்டிவருகிறோம். சுரங்க வாசலில் மலிவாக இருக்கும் நிலக்கரி, இங்கே வந்து சேரும்போது விலை எகிறுவது இதனால்தான். வந்தபிறகு அந்தச் சாம்பலை எங்கே கொட்டுவது என்பது அடுத்த தலைவலி.

வெளிநாட்டு நிலக்கரியில் சாம்பல் குறைவு, வெப்பம் அதிகம். ஆனால் விலை நம் கையில் இல்லை. 2022-ல் உக்ரைன் போர் வெடித்ததும் சர்வதேச நிலக்கரி விலை டன்னுக்கு 400 டாலரைத் தாண்டியது. அதே வருடம்தான் உள்நாட்டுத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 10 சதவீதம் இறக்குமதி நிலக்கரியைக் கலந்து எரிக்கச் சொன்னது மத்திய அரசு. செப்டம்பரில் தமிழ்நாட்டில் மின்கட்டணம் உயர்ந்ததற்கு இது ஒன்றே காரணம் இல்லை. மின்வாரியத்தின் கடனும் நஷ்டமும் பல ஆண்டுகளாகச் சேர்ந்தவை. ஆனாலும் நிலக்கரிச் செலவு அதில் பெரிய பங்கு.

ஒருநாள் பஞ்சம், ஒருநாள் குவியல்

2021 அக்டோபரில் நாடு முழுவதும் பல அனல்மின் நிலையங்களில் நாலு நாளைக்குக்கூட நிலக்கரி இல்லை. மூன்றரை வருடம் கழித்து, 2025 மார்ச் இறுதியில், கோல் இந்தியாவின் சுரங்க வாசல்களில் மட்டும் 10 கோடி டன்னுக்கு மேல் விற்காமல் குவிந்து கிடந்தது. இரண்டும் ஒரே தொழிலில், ஒரே நிறுவனத்தில்.

காரணம் எளிது. சுரங்கம் திறக்கப் பல ஆண்டுகள் ஆகும். தேவையோ வெயிலையும் மழையையும் பார்த்து வாரத்துக்கு வாரம் மாறும். 2021 போல இன்னொரு அவமானம் வேண்டாம் என்று எல்லோரும் வெட்டித் தள்ளினார்கள். 2020-ல் தனியாருக்கு வணிகச் சுரங்க ஏலம் திறந்துவிடப்பட்டது. என்எல்சியே ஒடிசாவின் தலபிராவில் ஆண்டுக்கு 2 கோடி டன் கொள்ளளவுள்ள சுரங்கத்தை நடத்துகிறது. இதற்கிடையில் சூரிய மின்சாரம் பகல் நேரத்தை எடுத்துக்கொண்டது.

வரியும் மாறியிருக்கிறது. டன்னுக்கு 400 ரூபாய் என்றிருந்த இழப்பீட்டு செஸ் 2025 செப்டம்பர் 22 முதல் கிடையாது. பதிலுக்கு ஜிஎஸ்டி 5-ல் இருந்து 18 சதவீதமானது. மலிவான நிலக்கரிக்கும் பழுப்பு நிலக்கரிக்கும் இது லாபம், ஏனென்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த 400 ரூபாய் முழுசாக ஏறியது. உயர்தர நிலக்கரிக்கு அவ்வளவு லாபம் இல்லை. மின்சாரமே ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால், மின் நிலையம் கட்டிய வரியைத் திரும்பக் கழித்துக்கொள்ளவும் முடியாது.

விற்ற சரக்குக்குப் பணம் வருவது இன்னொரு கதை. சுரங்கத்துக்கு மின் நிலையம் பாக்கி, மின் நிலையத்துக்கு மின்வாரியம் பாக்கி. மளிகைக் கடை அக்கவுன்ட் மாதிரி இழுத்துக்கொண்டே போனதால், 2022-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்து பழைய பாக்கியைத் தவணை முறையில் கட்டச் சொன்னது. அதன்பிறகு நிலைமை பரவாயில்லை.

ஆடிக் காற்றும் அனல்மின் நிலையமும்

இனிதான் நம்ம ஊர் விஷயம். சங்கரன்கோவிலில் இருந்து சுரண்டை, ஊத்துமலை பக்கம் போனால் எங்கே பார்த்தாலும் காற்றாலை. செங்கோட்டைக் கணவாய் வழியாக மே முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றுதான் முதலீடு. ஆடித் தபசு நேரத்தில் காற்றாலைகள் முழு வேகத்தில் சுற்றும்போது, தூத்துக்குடியில் அனல்மின் அலகுகளின் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி உத்தரவு போகும். காற்று நின்றதும், ‘உடனே ஏத்து’ என்று சொல்வார்கள்.

இந்த ஏற்ற இறக்கத்துக்காகக் கட்டப்பட்டவை அல்ல இந்த பாய்லர்கள். ஒரே சீராக ஓடினால்தான் நிலக்கரி மிச்சம், பழுதும் குறைவு. இனி உற்பத்தியை 40 சதவீதம் வரை குறைத்து ஓட்டவும் அலகுகள் தயாராக வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2023-ல் விதி போட்டிருக்கிறது. பழைய இயந்திரத்தை அதற்கு மாற்றச் செலவு யாருடையது?

கடைசியில் நம்முடையதுதான். கல்யாண மண்டபம் புக் செய்தால், விருந்தாளி வந்தாலும் வராவிட்டாலும் வாடகை உண்டு. சாப்பாட்டுச் செலவு மட்டும் இலைக் கணக்கு. மின் ஒப்பந்தமும் அப்படித்தான். நிலையம் தயாராக நின்றாலே நிலைக்கட்டணம் தரணும். எரித்த நிலக்கரிக்கு மட்டும் தனிக் கணக்கு. ஓடும் நேரம் குறையக் குறைய, ஓடிய ஒவ்வொரு யூனிட்டின் மீதும் அந்த மண்டப வாடகை அதிகமாக ஏறும்.

அப்படியென்றால் மூடிவிடலாமா? அங்கேதான் தறிக்காரரின் கவலை. தறி ராத்திரி ஷிப்டிலும் ஓடுகிறது. டிசம்பர் மாத ராத்திரி எட்டு மணிக்கு வெயிலும் இல்லை, காற்றும் அவ்வளவு இல்லை. பாவு பாதியில் நிற்கும்போது கரன்ட் போய்ப்போய் வந்தால் துணியில் அந்த இடம் காட்டிக்கொடுக்கும். கூலியில் பிடித்தம் ஆகும். இலவச 1000 யூனிட்டைத் தாண்டி ஓட்டுபவர்களுக்குக் கட்டண உயர்வும் நேரடியாகப் பாயும். பேட்டரி சேமிப்பு பெரிய அளவில் வரும்வரை ராத்திரிக்கு நிலக்கரிதான் பெரிய துணை. வெயிலும் காற்றும் இல்லாத நேரங்களுக்காக ஒரு சுரங்கத்தையும் ஒரு பாய்லரையும் உயிரோடு வைத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் உண்மையான வியாபாரச் சிக்கல்.

முதலீட்டாளர்களும் இதையே யோசிக்கிறார்கள். சுரங்கம் திறந்தால் போட்ட பணத்தை எடுக்க 25, 30 வருடம் ஆகும். இந்தியா 2070-ல் நிகர பூஜ்ஜிய உமிழ்வு என்று 2021-ல் அறிவித்துவிட்டது. வெளிநாட்டு வங்கிகள் பல நிலக்கரிக்குக் கடன் தருவதையே நிறுத்திவிட்டன. அரசு நிறுவனம் என்பதால்தான் என்எல்சிக்கு இன்னும் கதவு திறக்கிறது.

அந்த என்எல்சியும் சும்மா இல்லை. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையத்தை 2020 செப்டம்பரில் நிரந்தரமாக நிறுத்தியது. விருதுநகர், ராமநாதபுரம், திருநெல்வேலி மாவட்டங்களில் சூரிய மின் பூங்காக்கள் போட்டது. நம்ம தென்காசி மாவட்டம் கழுநீர்குளத்தில் 51 மெகாவாட் காற்றாலையும் அதற்கு இருக்கிறது. நிலக்கரி வெட்டும் கம்பெனியின் காற்றாலை, ஆடி மாதத்தில் அதே கம்பெனி கூட்டு சேர்ந்து கட்டிய தூத்துக்குடி நிலையத்தின் வேகத்தைக் குறைக்க வைக்கிறது.

கூடவே இன்னொரு பக்கமும் வேலை நடக்கிறது. ஒடிசா தலபிராவில் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே 2400 மெகாவாட் அனல்மின் நிலையம் கட்டுகிறது என்எல்சி. அதன் மின்சாரத்தில் பெரும்பங்கு தமிழ்நாட்டுக்கு. நிலக்கரியையும் சாம்பலையும் கப்பலில் ஏற்றாமல், மின்சாரத்தை மட்டும் கம்பியில் அனுப்பும் ஏற்பாடு. இங்கே உடன்குடியிலோ 660 மெகாவாட்டில் இரண்டு அலகுகள், நிலக்கரி இறக்குவதற்கென்றே கடலுக்குள் ஒரு ஜெட்டியோடு. அங்கே வந்து நிற்கப்போகும் ஒடிசா கப்பலும் இலங்கையைச் சுற்றித்தான் வர வேண்டும்.