டெல்லி முதல் கொச்சி வரை: இந்தியன் ஓப்பன் மீண்டும் ஏன் வேண்டும்?

2013 அக்டோபர் 18 அன்று புதுடெல்லியில் நடந்த இந்தியன் ஓப்பன் ஸ்னூக்கர் இறுதிப் போட்டியில் சீனாவின் டிங் ஜுன்ஹுய், மும்பையைச் சேர்ந்த ஆதித்ய மேத்தாவை 5-0 என்று வீழ்த்தினார். எண்களை மட்டும் பார்த்தால் சப்பென்று முடிந்த ஆட்டம்தான். ஆனால், தொழில்முறைத் தரவரிசைப் போட்டி ஒன்றின் இறுதிக்கு ஓர் இந்தியர் வந்தது அதுவே முதல் முறை. அரையிறுதியில் மேத்தா தோற்கடித்தவர், யுகே சாம்பியன்ஷிப்பை வென்றிருந்த ஸ்காட்லாந்து வீரர் ஸ்டீபன் மகுவயர். இறுதியில் மேத்தா ஒரு ஃபிரேம், அதாவது ஒரு தனி ஆட்டம்கூட எடுக்கவில்லை என்பதை வைத்து அந்த வாரத்தை எடைபோடுவது அநியாயம்.

எதிரில் நின்றவர் அப்போது எப்படிப்பட்ட ஆட்டத்தில் இருந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். டெல்லிக்கு முன்பு ஷாங்காய் மாஸ்டர்ஸை வென்றிருந்தார் டிங். டெல்லிக்குப் பிறகு செங்டு நகரில் நடந்த இன்டர்நேஷனல் சாம்பியன்ஷிப் இறுதியில் ஹாங்காங்கின் மார்கோ ஃபூவை 10-9 என்று வென்றார். அடுத்தடுத்து மூன்று தரவரிசைப் பட்டங்கள். 1990இல் ஸ்டீபன் ஹென்ட்ரி செய்த பிறகு அதுவரை யாராலும் முடியாத காரியம் அது. அந்தப் பருவம் முடியும்போது டிங்கிடம் ஐந்து பட்டங்கள் இருந்தன. 1990-91 பருவத்தில் ஹென்ட்ரி வைத்த சாதனையை அவர் சமன் செய்தார்.

தரவரிசை எப்படி வேலை செய்கிறது?

ஆட்டம் எளிதில் விளங்கக்கூடியது. 12 அடி நீளம், 6 அடி அகலம் கொண்ட மேசையில் 15 சிவப்புப் பந்துகள், ஆறு வண்ணப் பந்துகள், ஒரு வெள்ளைப் பந்து. சிவப்புக்கு ஒரு புள்ளி. வண்ணங்களுக்கு மஞ்சளின் 2 முதல் கறுப்பின் 7 வரை. ஒரு சிவப்பு, ஒரு வண்ணம் என்று மாற்றி மாற்றிக் குழியில் தள்ள வேண்டும். ஒவ்வொரு சிவப்புக்கும் கறுப்பையே எடுத்து, தவறே செய்யாமல் மேசையைத் துடைத்தால் 147. 2014இல் பால் ஹன்டர் கிளாசிக்கில் மேத்தா அதையும் செய்துகாட்டினார். தொழில்முறைப் போட்டியில் 147 எடுத்த முதல் இந்தியர் அவர்தான்.

தரவரிசை அப்படி எளிதில் பிடிபடாது. ஆட்டக்காரரின் பிழைப்பு அதில்தான் இருக்கிறது. 1976இல் அறிமுகமான இந்தப் பட்டியல் நெடுங்காலம் புள்ளிகளால் ஆனது. 2014-15 பருவம் முதல் பரிசுப் பணமே புள்ளி ஆகிவிட்டது. தரவரிசைப் போட்டிகளில் ஒருவர் கடந்த இரண்டு ஆண்டுகளில் ஈட்டிய பவுண்டுகளைக் கூட்டினால் கிடைப்பதுதான் அவரது இடம். புதுப் பணம் ஏறும்போது இரண்டு ஆண்டுக்கு முந்தைய பணம் கணக்கிலிருந்து இறங்கிவிடும். அதனால், பழைய வெற்றியின் நிழலில் யாரும் நெடுநாள் உட்கார முடியாது.

முதல் 16 இடங்களில் இருப்பவர்கள் ஷெஃபீல்டின் குருசிபிள் அரங்கில் நடக்கும் உலக சாம்பியன்ஷிப்புக்குத் தகுதிச் சுற்று இல்லாமல் நேரே போகலாம். பருவ முடிவில் முதல் 64 இடங்களுக்குள் இருப்பவருக்கு வேலை நிலைக்கிறது. வெளியே விழுந்தவர்களில் பெரும்பாலோர் தொழில்முறைச் சுற்றில் ஆடும் உரிமையான டூர் கார்டை இழந்து, கியூ ஸ்கூல் என்னும் தகுதிப் போட்டியில் மறுபடி அடிமட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். எல்லாப் பெரிய போட்டியும் இந்தக் கணக்கில் வராது. லண்டனில் நடக்கும் மாஸ்டர்ஸ் புகழில் உலக சாம்பியன்ஷிப்புக்கு அடுத்த வரிசையில் இருந்தாலும் அது அழைப்புப் போட்டி. அங்கே வெல்லும் பணம் தரவரிசையில் சேராது. இந்தியன் ஓப்பன் சேரும் வகையாக இருந்தது. வென்றவருக்கு 50,000 பவுண்டு. இன்று உலக சாம்பியனுக்குக் கிடைக்கும் 5,00,000 பவுண்டோடு வைத்துப் பார்த்தால் பத்தில் ஒரு பங்குதான். ஆனால், 60ஆவது இடத்தில் தள்ளாடும் ஒருவருக்கு அந்தத் தொகை அவரது எதிர்காலத்தையே தீர்மானித்துவிடும்.

ஐந்து முறை, மூன்று புதிய சாம்பியன்கள்

டெல்லிக்குப் பிறகு இந்தியன் ஓப்பன் நான்கு முறை நடந்தது. 2015 மார்ச்சில் மும்பையில் வேல்ஸின் மைக்கேல் ஒயிட், ரிக்கி வால்டனை 5-0 என்று வென்றார். 2016இல் ஹைதராபாத்தில் ஆன்டனி மெக்கில், கைரன் வில்சனை 5-2 என்று வென்றார். 2017இல் விசாகப்பட்டினத்துக்கு மெக்கில் நடப்பு சாம்பியனாக வந்து மறுபடியும் இறுதிவரை போனார். அங்கே ஜான் ஹிக்கின்ஸ் அவரை 5-1 என்று நிறுத்தினார். 2019 மார்ச்சில் கொச்சியில் இங்கிலாந்தின் மேத்யூ செல்ட், சீனாவின் லியு ஹாவ்டியனை 5-3 என்று வென்றார்.

இந்த நால்வரில் ஹிக்கின்ஸ் மட்டுமே அதற்கு முன் தரவரிசைப் பட்டம் வென்றிருந்தவர். ஒயிட், மெக்கில், செல்ட் மூவருக்கும் அவர்களது முதல் பட்டம் இந்திய மண்ணில்தான் கிடைத்தது. இது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன். உலக சாம்பியன்ஷிப் இறுதி அதிகபட்சம் 35 ஃபிரேம்கள் கொண்டது. அங்கே அனுபவம் மெல்ல மெல்ல எதிராளியை அரைத்துவிடும். இந்தியன் ஓப்பனில் இறுதிவரை ஏழு ஃபிரேம் ஆட்டங்கள். நான்கை முதலில் எடுப்பவர் வென்றார். இறுதியில் ஐந்து. இவ்வளவு குறுகிய ஆட்டத்தில் பெரிய பெயர்கள் தடுமாறும். தயாராக இருக்கும் இளையவருக்குக் கதவு திறக்கும். குறுகிய ஆட்டத்தில் அதிர்ஷ்டம் அதிகம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. ஆனால், ஐந்து நாள் தொடர்ந்து வெல்ல அதிர்ஷ்டம் மட்டும் போதாது.

சொந்த நாட்டில் ஒரு தரவரிசைப் போட்டி இருப்பது என்ன செய்யும் என்பதற்குச் சீனாவே சான்று. 2005 ஏப்ரலில் பெய்ஜிங்கில் நடந்த சைனா ஓப்பனில், உள்ளூர் வீரர்களுக்குத் தரப்படும் வைல்டு கார்டில் நுழைந்தார் டிங். வயது 18. இறுதியில் ஏழு முறை உலக சாம்பியனான ஹென்ட்ரியை 9-5 என்று வென்றார். அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த தலைமுறை இப்போது உலகை ஆள்கிறது. 2025இல் ஜாவ் ஷின்டாங், மார்க் வில்லியம்ஸை 18-12 என்று வென்று சீனாவின் முதல் உலக சாம்பியன் ஆனார்.

நம்மிடம் திறமைக்குப் பஞ்சமில்லை. பங்கஜ் அத்வானி பில்லியர்ட்ஸிலும் ஸ்னூக்கரிலுமாக இருபதுக்கும் மேற்பட்ட உலகப் பட்டங்களை வென்றவர். 2012இல் தொழில்முறைச் சுற்றில் சேர்ந்த அவர் 2014இல் விலகிவிட்டார். சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் 2025 நவம்பரில் தோஹாவில் சர்வதேச பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் கூட்டமைப்பின் (ஐபிஎஸ்எஃப்) உலக மகளிர் ஸ்னூக்கர் பட்டத்தை வென்றார். இவை அமெச்சூர் உலகின் உச்சங்கள். தொழில்முறைப் பட்டியலில் ஏற, ஆண்டில் பெரும்பகுதியை வெளிநாட்டில், சொந்தச் செலவில் கழிக்க வேண்டும். அங்கேதான் நம்மவர்கள் களைத்துப்போகிறார்கள்.

இத்தனைக்கும் இது இங்கே பிறந்த ஆட்டம். 1875இல் ஜபல்பூர் ராணுவ முகாமில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி தொடங்கிவைத்த ஸ்னூக்கருக்கு விதிகள் எழுதப்பட்டு, அவை ஊட்டி கிளப்பில் ஒட்டப்பட்டன என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. கொச்சிக்குப் பிறகு இந்தியன் ஓப்பன் நடக்கவில்லை. ஐந்து முறை நடந்தபோதும் தமிழ்நாட்டுப் பக்கம் அது வரவே இல்லை.

2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட்டை நடத்திக் காட்டியது தமிழ்நாடு. அதோடு ஒப்பிட்டால் ஸ்னூக்கர் போட்டிக்கு வேண்டியது மிகக் கொஞ்சம்: குளிரூட்டிய ஒரு மண்டபம், சில மேசைகள், ஒரு வாரம். பரிசுத் தொகைக்கு ஒரு நல்ல விளம்பரதாரர். இந்திய பில்லியர்ட்ஸ் ஸ்னூக்கர் கூட்டமைப்பும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் சேர்ந்து உட்கார்ந்து பேசி, உலக அமைப்பிடம் இந்தியன் ஓப்பனைச் சென்னைக்குக் கேட்க வேண்டும். கேட்கும்போதே உள்ளூர் வீரர்களுக்கான வைல்டு கார்டு இடங்களையும் சேர்த்தே கேட்க வேண்டும்.