பல்லில் கம்பி, கையில் எந்தப் பிரஷ்?

பெங்களூரின் தெற்கே, ஓசூர் சாலையில் இருக்கிறது பொம்மசந்திரா. அங்கே தொழிற்சாலைகள் நிறைய. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து வேலை செய்யும் தமிழர்களும் உண்டு. 2025 ஆகஸ்டு முதல் மெட்ரோ ரயிலும் அங்கே வந்து போகிறது.

அங்கே ஒரு தொழிலாளி வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மகளுக்குப் பதினான்கு வயது. பல் முன்னும் பின்னுமாக இருந்தது. பல் மருத்துவர் கம்பி போட்டார். இதைக் 'கிளிப்' என்றும் சொல்வார்கள். மறுநாள் காலை அவள் பழைய பிரஷ்ஷால் தேய்த்தாள். ஈறு எரிந்தது. பிரஷ் கம்பியில் மாட்டிக்கொண்டது.

"வலிக்குதும்மா. வாயை மட்டும் கொப்பளிச்சுக்கறேன்" என்றாள். அம்மாவும் விட்டுவிட்டாள்.

ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு பல்லிலும் ஒரு சிறு பட்டையை ஒட்டி, அவற்றின் வழியே கம்பியைச் செலுத்துகிறார்கள். கம்பி மெல்ல மெல்லப் பல்லை நகர்த்தும். இதற்குப் பலருக்கு ஒன்றரை, இரண்டு ஆண்டு ஆகும். அத்தனை நாளும் பட்டையைச் சுற்றிச் சோறும் இட்லியும் தங்கும். பல்லில் பிசுபிசுவென்று படியும் அழுக்கில் கிருமிகள் வாழ்கின்றன. அவை உணவிலுள்ள சர்க்கரையையும் மாவையும் அமிலமாக மாற்றும். அமிலம் பல்லின் மேல்பூச்சில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கும். கொப்பளித்தால் அந்தப் பிசுபிசுப்பு போகாது. கடைசியில் கம்பியைக் கழற்றும்போது பல் நேராக இருக்கும். ஆனால் பட்டை இருந்த இடத்தைச் சுற்றி வெள்ளைத் தழும்பு தெரியும். அது எளிதில் மறையாது. செலவழித்த பணமும் பொறுத்த வலியும் பாதி வீண்.

ஆகவே வலிக்காத பிரஷ் வேண்டும். கடையில் பிரஷ் அட்டையைப் பாருங்கள். 'சாஃப்ட்', 'மீடியம்', 'ஹார்டு' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். 'சாஃப்ட்' என்றால் மெத்தென்று இருப்பது. அதுதான் வேண்டும். எழுத்து தெரியாவிட்டால் கேளுங்கள். கன்னடத்தில் 'மெத்தகெ' என்றால் கடைக்காரருக்குப் புரியும். நம் சொல்லுக்கு அக்காள் தங்கை போன்ற சொல்தான்.

பிரஷ்ஷின் தலை சிறியதாக இருக்கட்டும். கடைவாய் வரை போக வேண்டுமே! கம்பி போட்டவர்களுக்கென்றே ஒரு வகை உண்டு. அதில் நடுவரிசை நார்கள் குட்டையாக, பள்ளம்போல் இருக்கும். கம்பி அந்தப் பள்ளத்தில் உட்காரும். கிடைக்காவிட்டால் சிறிய தலை உள்ள சாதாரண மெத்தென்ற பிரஷ் போதும்.

தாத்தா வேப்பங்குச்சியால் துலக்கியிருப்பார். அவர் பல்லில் கம்பி இல்லை. குச்சி இடித்தால் பட்டை பெயர்ந்துவிடும். கரியும் செங்கல் தூளும் பல்லை அராவும்.

பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடியுங்கள். முதலில் கம்பிக்கு மேலே, பிறகு கீழே, பிறகு கம்பியின் மேல் தேய்க்க வேண்டும். அழுத்த வேண்டாம். ஃபுளோரைடு கலந்த பேஸ்ட் நல்லது. கம்பிக்கு அடியில் நுழைக்கப் பாட்டில் கழுவும் பிரஷ் போன்ற குட்டி பிரஷ் உண்டு. தூங்கும்போது எச்சில் குறைவாக ஊறும். அதனால் படுக்குமுன் துலக்குவது மிக முக்கியம். இரவு ஷிப்டு முடித்துக் காலையில் படுப்பவருக்கும் இது பொருந்தும்.

முதல் சில நாள் வலி இருக்கும். வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளித்தால் இதமாக இருக்கும். கம்பி குத்தினால் மருத்துவரிடம் மெழுகு கேளுங்கள். ஈற்றில் லேசாக இரத்தம் கசிந்தாலும் துலக்குவதை நிறுத்தக் கூடாது. அழுக்கு சேர்ந்த ஈறுதான் பெரும்பாலும் கசியும். ஒரு வாரத்தில் நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சாதாரணமாக ஒரு பிரஷ் மூன்று மாதம் வரும். கம்பியில் உரசுவதால் அதற்கு முன்பே நார்கள் விரிந்துவிடும். விரிந்ததும் புதிது வாங்குங்கள். பழையது தையல் மிஷினைத் துடைக்க ஆகும்.