பேசுபவருக்கே தெரியாத வட்டாரச் சொல்

அமெரிக்க நகரங்களில் நடைபாதைக்கும் வண்டிகள் ஓடும் சாலைக்கும் நடுவே புல்லும் மரமுமாக ஒரு குறுகிய பட்டை நிலம் கிடக்கும். கிளீவ்லாந்துக்காரர் அதை ட்ரீ லான் என்பார், மினசோட்டாவில் பூலவார்ட். ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் வட்டாரத்தில் அதற்கு டெவில் ஸ்ட்ரிப் என்று பெயர். வட்டார வழக்கைத் தொகுப்பவர்கள் முதலில் தேட வேண்டியது இப்படிப்பட்ட சொற்களைத்தான் என்பது என் கட்சி. ஊர்ப் பெருமையாகச் சொல்லிக் காட்டும் விநோதச் சொற்கள் சுவையானவை, மறுக்கவில்லை. ஆனால் அவை விநோதம் என்று பேசுகிறவருக்கே தெரியும். வெளியூர்க்காரர் முன்னால் அவற்றை விழுங்கிவிடுவார், இல்லாவிட்டால் வேண்டுமென்றே சற்றுக் கூட்டிப் பேசுவார். எல்லோரும் சொல்வதுதானே என்று நம்பிப் பேசும் சொல்லில் இந்த நடிப்புக்கு இடமில்லை.

இதற்கு ஒரு குற்ற வழக்கே சான்று. குழந்தையைக் கடத்திப் பணம் கேட்டு எழுதிய மிரட்டல் சீட்டு ஒன்று மொழியியலாளர் ரோஜர் ஷையிடம் வந்தது. எளிய சொற்களில் எழுத்துப்பிழை. அவற்றைவிடக் கடினமான சொல்லோ பிழையின்றி இருந்தது. படித்தவன் படிக்காதவனாக வேஷம் கட்டுகிறான் என்பது அதிலேயே வெளிப்பட்டுவிட்டது. பணத்தை வைக்க வேண்டிய இடமாக டெவில் ஸ்ட்ரிப்பைக் குறிப்பிட்டிருந்தான். சந்தேகத்துக்குரியவர்களில் ஆக்ரனைச் சேர்ந்த படித்த ஆள் உண்டா என்று ஷை கேட்டார். ஒருவன் இருந்தான், பிறகு குற்றத்தையும் ஒப்புக்கொண்டான். எழுத்தை மாற்றி எழுதத் தெரிந்தவனுக்கு அந்தச் சொல்லை மாற்றத் தோன்றவில்லை.

தன்னிடம் இருப்பதையே ஒருவர் அறியாத சொல்லை அவரிடமிருந்து எப்படி வாங்குவது? சொல்லைச் சொல்லி, ‘இப்படிச் சொல்வீர்களா?’ என்று கேட்டால் பலர் மரியாதைக்கு ஆமாம் போட்டுவிடுவார்கள். எனவே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் காசிடி தலைமையில் அமெரிக்க வட்டார ஆங்கில அகராதியைத் தயாரித்தவர்கள், பொருளை விவரித்துப் பெயரைக் கேட்டார்கள். 1965 முதல் 1970 வரை 1,002 ஊர்களில் 2,777 பேரிடம், 1,600க்கும் மேற்பட்ட கேள்விகள். சாலையோரப் புல்தரைக்கும் அதில் ஒரு கேள்வி உண்டு. பதிலோடு சொன்னவரின் வயது, படிப்பு, இனம் எல்லாம் எழுதப்பட்டன. இவை இல்லாத சொற்பட்டியலை வைத்து ஒன்றும் நிறுவ முடியாது. அகராதியின் முதல் தொகுதி 1985இலும், அகரவரிசையை முடித்த ஐந்தாம் தொகுதி 2012இலும் வந்தன. காசிடி 2000இலேயே காலமாகிவிட்டார். இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹரால்ட் ஆர்ட்டன் இதற்கும் முன்பே, 1950 முதல் 1961 வரை, 313 இடங்களில் இதே வழியில் கேட்டு முடித்திருந்தார்.

ஆர்ட்டன் பெரும்பாலும் வயதான கிராமத்து ஆண்களைத் தேடிப் போனாரே, அது எப்படி இங்கிலாந்தின் பேச்சாகும் என்று கேட்பது நியாயம். ஆகாதுதான். மறையவிருந்ததைப் பிடித்து வைப்பது அவர் நோக்கம். அவர் சேகரித்ததை நாடு முழுவதன் பேச்சாக வாசித்தால் பிழை வாசிப்பவருடையது. இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது: கேள்விக்குச் சொல்லும் பதில் இயல்பான பேச்சாகுமா? முழுக்க ஆகாது. அதனால்தான் காசிடியின் குழுவினர் பேச்சை ஒலிநாடாவிலும் பிடித்தார்கள். 1,843 ஒலிப்பதிவுகள் சேர்ந்தன.

சமூக ஊடகங்களில் சொற்கள் கொட்டிக் கிடக்கும்போது வீடு வீடாகப் போய்க் கேட்பது எதற்கு என்பார்கள். புதிய சொற்களைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. ஜாக் க்ரீவும் சகாக்களும் 2013, 2014ஆம் ஆண்டுகளின் ட்விட்டர் பதிவுகளில் 890 கோடி சொற்களை அலசி, அமெரிக்காவில் புதுச் சொற்கள் கிளம்பிப் பரவும் ஐந்து முக்கியப் பகுதிகளை அடையாளம் கண்டார்கள். எந்தக் கேள்வித்தாளாலும் இது ஆகாது. தயாரித்தவருக்குத் தோன்றாத பொருளை அது கேட்கவே கேட்காது. ஆனால் சாலையோரப் புல்லைப் பற்றி எத்தனை பேர் ட்வீட் போடுவார்கள்? எழுதத் தேவையே வராத பொருளின் பெயர், எவ்வளவு பெரிய தொகுப்பிலும் ஒன்றிரண்டு முறை தலைகாட்டினால் உண்டு. அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும், இணையத்திலும்கூட. நியூயார்க் டைம்ஸ் 2013 டிசம்பரில் வெளியிட்ட வட்டார வழக்கு வினாடி வினா, அந்த ஆண்டு அதன் தளத்தில் மிக அதிகமானோர் பார்த்த பக்கம். மொழியியலாளர் பெர்ட் வாக்ஸ் முன்பு நடத்திய கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டது அது. அவரும் இந்தப் பொருளுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டுத்தான் சேர்த்திருந்தார்.