காகத்தைக் கொன்றால் காகம் குறையுமா?

"கா! கா! கா!"

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அமாவாசை அன்று நடுப்பகலில் இந்தக் குரல் கேட்கும். கூப்பிடுவது காகம் அல்ல. வீட்டுப் பெண்கள்!

கொல்லைச் சுவரில் ஒரு பிடி சோறு வைப்பார்கள். காகம் வந்து கொத்திய பிறகுதான் வீட்டில் இலை போடுவார்கள். இறந்துபோன முன்னோர்கள் காக வடிவில் வருகிறார்கள் என்பது நம்பிக்கை.

இப்படி விருந்துக்கு அழைக்கப்படும் பறவையை வேட்டையாடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ராமேசுவரத்தில்...

2020-ம் ஆண்டு தொடக்கத்தில் ராமேசுவரத்தில் காகங்கள் கூட்டமாகச் செத்து விழுந்தன. போலீசார் விசாரித்தார்கள். 2 பேர் கைது செய்யப்பட்டார்கள். சுமார் 150 செத்த காகங்கள் பிடிபட்டன. காகக் கறியைக் கோழிக்கறி என்று சொல்லிக் கடைகளுக்கு விற்றதாக அவர்கள் மீது குற்றச்சாட்டு.

விஷம் வைத்துப் பறவையைக் கொன்றால் அதோடு போகாது. விஷம் கறியிலும் இருக்கும். பல விஷங்கள் கொதிக்க வைத்தாலும் நீங்காது. தின்பவர் உயிருக்கே ஆபத்து. அதே சோற்றைத் தின்னும் நாயும் பூனையும் குருவியும்கூடச் சாகும்.

சட்டமும் இப்போது மாறிவிட்டது. 1972-ம் ஆண்டு வன உயிர் பாதுகாப்புச் சட்டம், எலியோடு காகத்தையும் தொல்லை தரும் உயிர்களின் பட்டியலில் வைத்திருந்தது. 2022-ல் சட்டம் திருத்தப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் அந்தப் பட்டியல் இல்லை. இன்று காகத்தைக் கொல்வது குற்றம்.

கடல் கடந்த காகம்

மலேசியாவில் கிள்ளான் என்ற ஊர் இருக்கிறது. தமிழர்கள் நிறைய வாழும் ஊர். 1890-களில் அங்கே காப்பித் தோட்டங்களில் புழுக்கள் பெருகின. புழுவைத் தின்பதற்காக வெள்ளைக்காரத் துரைமார்கள் இலங்கையிலிருந்து காகங்களைக் கொண்டுவந்தார்கள். காப்பித் தோட்டங்கள் மறைந்துவிட்டன. காகங்கள் மறையவில்லை! பெருகிக்கொண்டே போயின. பிற்காலத்தில் துப்பாக்கிக்காரர்களை அழைத்துச் சுட வேண்டியதாயிற்று.

சிங்கப்பூரிலும் 1973-ல் சுடத் தொடங்கினார்கள். ஆப்பிரிக்காவில் உள்ள கென்யா நாடு, 10 லட்சம் காகங்களை ஒழிக்கப்போவதாக 2024-ல் அறிவித்தது.

இத்தனை செய்தும் காகம் ஏன் ஒழியவில்லை?

காரணம் எளியது. பத்துக் காகம் செத்தால், அவற்றின் இரை மற்றக் காகங்களுக்குக் கிடைக்கும். அவை வயிறார உண்டு, குஞ்சு பொரித்து, அந்த இடத்தை நிரப்பிவிடும். ஆகவேதான் சிங்கப்பூரில் துப்பாக்கியை மட்டும் நம்பவில்லை. குப்பைத் தொட்டிகளை மூடி வைக்கவும், கூடுகளை அகற்றவும் ஏற்பாடு செய்தார்கள்.

நாம் செய்ய வேண்டியது

காகம் திருட்டுப் பறவைதான். கோழிக்குஞ்சைத் தூக்கும். காயும் அப்பளத்தைக் கொத்தும். ஆனால் தெருவில் கிடக்கும் செத்த எலியைத் தின்று தீர்ப்பதும் அதுதான். குயில் முட்டையிடுவதும் காகத்தின் கூட்டில்தான். காகம் இல்லாவிட்டால் ஊரில் குயில் ஓசை ஏது?

காகத் தொல்லை குறைய வேண்டுமா? மீன் கழிவையும் எச்சில் இலையையும் தெருவில் வீசாதீர்கள். குப்பைத் தொட்டியை மூடி வையுங்கள்.

சுவரில் வைக்கும் ஒரு பிடி சோற்றினால் காகம் பெருகுவது இல்லை. தெருமுனையில் கொட்டும் கூடை கூடையான குப்பையினால்தான் பெருகுகிறது!