சாய்ந்தால் சண்டித்தனம் செய்யும் குளிர்ப்பெட்டி

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டு மண்பானையை ஆண்டு முழுவதும் கவனித்து வந்திருக்கிறீர்களா? திருநெல்வேலிச் சீமைப் பிள்ளைகளுக்கு நான் சொல்லப்போவது நன்றாகவே தெரிந்திருக்கும். ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் விழும்போது, மழையை மலையிலேயே இறக்கிவிட்டு வரும் மேல்காற்று நம் பக்கத்துச் சமவெளியில் காய்ந்த காற்றாக வீசும். அந்த நாட்களில் பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கும். அதே பானை ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம்மை ஏமாற்றிவிடும். பானை மாறவில்லை. தண்ணீரும் அதே தாமிரபரணித் தண்ணீர்தான். பிறகு என்னதான் மாறியது?

காற்றிலுள்ள ஈரம் மாறியது. பானையின் மேற்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது தனக்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. சுற்றியுள்ள காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் புதிய ஆவிக்கு இடமில்லை. காற்று காய்ந்திருந்தால் தாராளமாக இடமுண்டு. ஒன்றைக் கவனியுங்கள். காற்றின் மொத்த அழுத்தம் இரண்டு காலத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். நீராவியின் பங்கு, அதாவது அதன் பகுதி அழுத்தம் மட்டுமே வேறு. மேல்நிலை வகுப்பு வேதியியலில் வரும் டால்டனின் பகுதி அழுத்த விதி நம் வீட்டுப் பானையில் இப்படிக் குடியிருக்கிறது.

இதே தத்துவத்தில், மோட்டாரே இல்லாமல், ஒரு சிறு நெருப்புச் சுடரால் இயங்கும் குளிர்ப்பெட்டி ஒன்று உண்டு. வீட்டு வண்டிகளில் பல்லாண்டு காலமாக அதுதான் ஆட்சி செய்து வந்தது. வண்டிச் சொந்தக்காரர்களை அதிகமாக அலைக்கழித்ததும் அதுதான்!

வீட்டு வண்டி என்றால் என்ன? படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளிர்ப்பெட்டி எல்லாம் உள்ளேயே அமைந்த வண்டி. நம் நாட்டில் சினிமாப் படப்பிடிப்புக்கு வரும் 'கேரவன்' அதன் உறவுதான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குடும்பம் குடும்பமாக இதில் ஊர் சுற்றுகிறார்கள். தரைவழியாகவே பல நாடுகளைக் கடந்து, கன்னியாகுமரியைப் பார்த்துவிட வேண்டும் என்று வருகிறவர்களின் வண்டிகள் திருநெல்வேலி வழியாகப் போவதும் உண்டு. அப்படி ஒரு வண்டியில் குளிர்ப்பெட்டி அடிக்கடி மக்கர் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சரிசெய்வதா, தூக்கிவிட்டு வேறு வகை வைப்பதா? உங்கள் பாடப்புத்தக இயற்பியலைக் கொண்டே இதற்கு விடை காணலாம்.

நெருப்பிலிருந்து குளிர்

1922-ஆம் ஆண்டு. ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் மன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் இந்தப் பெட்டியை உருவாக்கினார்கள். 1925-இல் எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. நெருப்பை மூட்டிக் குளிரை உண்டாக்குவதா என்று யாரும் வியக்கத்தானே செய்வார்கள்? அது எப்படி என்று பார்ப்போம்.

முற்றிலும் மூடி ஒட்டப்பட்ட ஓர் இரும்புக் குழாய்த் தொகுதி. அதற்குள் மூன்றே பொருள்கள்: அம்மோனியா, நீர், ஹைட்ரஜன். அம்மோனியா நீரில் எவ்வளவு ஆசையாகக் கரையும் என்பதைப் பள்ளி ஆய்வுக்கூடத்து 'நீரூற்று' சோதனையில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கரைசலை அடியில் ஒரு சுடர் சூடாக்குகிறது. அம்மோனியா வாயுவாகப் பிரிந்து மேலே போகிறது. போகிற போக்கில் அதன் குமிழிகள் நீரையும் ஒரு குறுகிய குழாய் வழியே மேலே தள்ளிவிடுகின்றன. இந்தக் குமிழிகள்தாம் இங்கே பம்பு. வேறு பம்பு கிடையாது. மேலே, பெட்டியின் முதுகிலுள்ள தகடு பதித்த குழாயில் அம்மோனியா வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. பிறகு சொட்டுச் சொட்டாகப் பெட்டியின் உட்புறக் குழாய்க்குள் இறங்குகிறது.

அங்கேதான் ஹைட்ரஜன் காத்திருக்கிறது. அதுதான் நம் பானைக்கு வீசிய மேல்காற்று! குழாய்க்குள் மொத்த அழுத்தம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே. வளிமண்டல அழுத்தத்தைப் போல் பல மடங்கு. ஆனால் இங்கே அதில் பெரும்பங்கை ஹைட்ரஜன் ஏற்றுக்கொள்கிறது. அம்மோனியாவின் பங்கு வளிமண்டல அழுத்தத்தைப் போல் 3 மடங்கு மட்டும் இருந்தால், அது மைனஸ் 10 டிகிரி செல்சியஸிலேயே விறுவிறுவென்று ஆவியாகிவிடும். அதற்கு வேண்டிய வெப்பம் எங்கிருந்து வரும்? உள்ளே வைத்த பாலிலிருந்தும் காய்கறியிலிருந்தும்தான். பிறகு இரு வாயுக்களும் கலந்து, கனமாகி, கீழே இறங்குகின்றன. அங்கு நீர் அம்மோனியாவை மட்டும் விழுங்கிக்கொள்ள, இலேசான ஹைட்ரஜன் தனியே மேலேறித் திரும்பிவிடுகிறது.

அசையும் உறுப்பு என்று ஒன்றுகூட இல்லை, சத்தமும் இல்லை. இந்த அழகில் மயங்காத இயற்பியல்காரர் குறைவு. ஐன்ஸ்டீனே லியோ சிலார்டுடன் சேர்ந்து 1926 முதல் அசையும் உறுப்பில்லாத குளிர்ப்பெட்டிகளைப் பற்றி ஆராய்ந்து காப்புரிமைகள் வாங்கினார். பெர்லினில் ஒரு குடும்பம் குளிர்ப்பெட்டியிலிருந்து கசிந்த நச்சு வாயுவால் இறந்த செய்தியைப் படித்துத்தான் அவர்கள் இதில் இறங்கினார்கள் என்பார்கள்.

பாபநாசம் சாலையில் ஒரு சோதனை

இப்போது இந்தப் பெட்டியோடு ஒரு வீட்டு வண்டியைச் சித்திரை மாதத்தில் திருநெல்வேலியிலிருந்து புறப்படச் செய்வோம். பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் சுமார் 50 கிலோமீட்டர். ஆற்றங்கரையில் ஒரு மருத மரத்தடியில் வண்டியை நிறுத்துகிறோம். கரை ஆற்றைப் பார்த்துச் சரிந்திருக்கிறது. காலையில் பெட்டியைத் திறந்தால் பால் திரிந்திருக்கிறது!

முதல் குற்றவாளி அந்தச் சரிவு. உள்ளே அம்மோனியாத் திரவமும் நீரும் ஓடுவது ஈர்ப்பு விசையால் மட்டுமே. குழாய்களின் சாய்வு மிக மெல்லியது. பெட்டி பக்கவாட்டில் 3 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் பல பெட்டிகளில் திரவம் எங்காவது தேங்கி நின்றுவிடும். 3 டிகிரி என்பது ஒரு மீட்டர் நீளத்துக்கு 5 சென்டிமீட்டர் இறக்கம்தான். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. சுடரோ எரிந்துகொண்டே இருக்கிறது. கொதிகலத்துக்குத் திரவம் வந்து சேராமல் அது வறண்டு சூடேறுகிறது. இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கக் கரைசலில் சோடியம் குரோமேட் சேர்த்திருப்பார்கள். அது படிகமாகிக் குழாயை அடைத்துவிடும். ஓர் இரவுச் சாய்வு பெட்டியின் ஆயுளையே குறைப்பது இப்படித்தான்.

வேடிக்கை என்னவென்றால், வண்டி ஓடும்போது எவ்வளவு ஆடினாலும் கவலையில்லை. இப்படியும் அப்படியும் சாய்ந்து சாய்ந்து திரவம் எப்படியோ வழி கண்டுகொள்ளும். நிற்கும் வண்டியின் சாய்வுதான் கெடுதல். ஆகவே கொத்தனாரிடம் இருக்கும் ரசமட்டம் ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் கீழே பலகை கொடுத்து உயர்த்தினால் போதும். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

அடுத்தது நம் ஊர் வெயில். அம்மோனியா திரவமாவதற்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது. 30 டிகிரியில் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 12 மடங்கு போதும். 50 டிகிரியிலோ 20 மடங்கு வேண்டும். வெளியே 38 டிகிரி அடிக்கும்போது, வெயிலில் நிற்கும் வண்டியின் தகட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே அடைபட்ட காற்று எளிதில் 50-ஐத் தொட்டுவிடும். பிறகு அம்மோனியா திரவமாக மறுக்கிறது, குளிரும் இல்லை. ஸ்வீடனில் பிறந்த பெட்டியைச் சித்திரை வெயிலில் நிறுத்தினால் அது வேறென்ன செய்யும்? முதுகுப்புறம் கீழே ஒரு காற்று வழி, மேலே ஒரு காற்று வழி இருக்க வேண்டும்; சூடான காற்று புகைபோக்கியில் போவதுபோல் மேலே போய்விடும். அது போதாத இடத்தில் கணிப்பொறிகளில் இருக்குமே, அந்தச் சிறு மின்விசிறி ஒன்றிரண்டை மேலே பொருத்தலாம். பெட்டி இருக்கும் பக்கத்தை வெயில் படாமல் நிறுத்துவது அதைவிட நல்லது. சுடர் எரியும் இடத்தில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வெளிநாடுகளில் சிலந்திவலை என்பார்கள்; நம் ஊரில் குளவி முந்திக்கொள்ளும்.

மூன்றாவது மின்கம்பி. வண்டி ஓடும்போது சுடரை அணைத்துவிட்டு, 12 வோல்ட் மின்சூடேற்றியால் கரைசலைச் சூடாக்குவார்கள். (பெட்ரோல் பங்குக்குள் எரியும் சுடரோடு நுழையலாமா?) நீண்ட, மெல்லிய கம்பி வழியே மின்சாரம் வந்தால் வழியிலேயே அழுத்தம் விழுந்து 10.5 வோல்ட்தான் மிஞ்சும். திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம் அல்லவா? 120 வாட் சூடேற்றி 92 வாட்தான் தரும். பெட்டியின் மேல் பழி விழும், குற்றம் கம்பியுடையது. தடித்த கம்பி போட்டால் தீர்ந்தது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் குளிரவில்லையா? அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கிறதா, குழாயில் மஞ்சள் தூள் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் குழாய் ஓட்டையாகிவிட்டது, வாயு போய்விட்டது. இதை வீட்டில் பற்றவைக்க நினைக்கவே கூடாது. ஹைட்ரஜன் தீப்பிடிக்கும், அம்மோனியா கண்ணைக் கெடுக்கும், குரோமேட் நஞ்சு. தொகுதியையே மாற்ற வேண்டும், அல்லது பெட்டியையே.

மாற்றினால் என்ன ஆகும்?

இன்று பலரும் 12 வோல்ட் கம்ப்ரசர் பெட்டிக்கு மாறிவருகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 லிட்டர் பெட்டி ஒன்று ஓடும்போது 45 வாட் எடுக்கும். நம் வெயிலில் நாளில் பாதி நேரம் ஓடினால் 540 வாட்-மணி. சுமார் அரை யூனிட். 12 வோல்ட்டில் இது 45 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி ஈய-அமில மின்கலத்தைப் பாதிக்கு மேல் வடிக்கக் கூடாது; எனவே வண்டி நின்றால் ஒரு நாள் தாங்கும். கூரையில் 200 வாட் சூரியத் தகடு வைத்தால், நல்ல வெயில் 5 மணி நேரம் என்று கொண்டு, இழப்பெல்லாம் போக 700 வாட்-மணி கிடைக்கும். கோடையில் போதும், கார்த்திகை மூடாக்கில் போதாது.

வாயுப் பெட்டியோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 கிராம் சமையல் வாயு கேட்கும். கிராமுக்கு 46 கிலோஜூல் என்றால் 13,800 கிலோஜூல், அதாவது 3.8 யூனிட் வெப்பம். கம்ப்ரசர் செலவழிப்பதைப் போல் 7 மடங்கு! ஆனாலும் 5 கிலோ சிலிண்டர் ஒன்று 16 நாள் வரும். அந்த ஆற்றலை மின்கலத்தில் சுமந்தால் வண்டிக்கு முதுகு ஒடிந்துவிடும். குளிர்நாட்டில், காட்டுக்குள் வாரக்கணக்கில் தங்குகிறவருக்கு இன்றும் வாயுப் பெட்டி நியாயமானதே. தாமிரபரணிக் கரையில், வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில், என் ஓட்டு கம்ப்ரசருக்கும் சூரியத் தகட்டுக்கும்தான்.

பால் திரிந்தால் கொட்டிவிடலாம். பெட்டிக்குள் இருப்பது இன்சுலினாகவோ தடுப்பூசியாகவோ இருந்தால்? கெட்டுப்போனது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. மின்சாரம் எட்டாத ஊர்களில் பல நாடுகளின் தடுப்பூசித் திட்டங்கள் மண்ணெண்ணெயிலும் வாயுவிலும் ஓடும் இதே பெட்டிகளை நம்பியிருந்தன. தடுப்பூசிகள் பலவற்றுக்கும் 2 முதல் 8 டிகிரி வரை வேண்டும். இந்தப் பெட்டியில் சுடரைக் கூட்டிக் குறைத்து அந்த எல்லைக்குள் நிறுத்துவது பெரும்பாடு. பகலில் சூடேறும், இரவில் உறைந்துவிடும். முத்தடுப்பு ஊசி மருந்து உறைந்தால் அதன் வீரியமே போயிற்று.

அதனால் தடுப்பூசித் துறை வேறொரு வழியைப் பிடித்தது. குளிர்ப்பெட்டியின் சுவருக்குள்ளேயே பனிக்கட்டியை உறையவைத்துவிட்டால், மின்சாரம் நின்றபின் அந்தப் பனிக்கட்டி உருகி உருகிக் குளிரைக் காக்கும். நம் நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருப்பது இந்தப் பனிச்சுவர்ப் பெட்டிதான். நாளில் 8 மணி நேரம் மின்சாரம் வந்தால் போதும். மின்கலமே இல்லாமல், சூரியத் தகடு பகலில் பனியை உறையவைக்க, இரவெல்லாம் அது காக்கும் பெட்டிகளும் வந்துவிட்டன. காரையாறு அணைப் பக்கம் மலைக்குள் இருக்கும் காணி மக்கள் குடியிருப்புகளைப் போன்ற இடங்களுக்குத் தடுப்பூசியைக் கையில் எடுத்துச் செல்ல 4 பனிப்பொதிகள் கொண்ட சிறு பெட்டி உண்டு. அந்தப் பொதிகளைக்கூட உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடன் வைப்பதில்லை. குலுக்கினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கும்வரை வெளியே வைத்திருந்துதான் அடுக்குவார்கள்.

நம் வீட்டு வண்டிக்காரரும் இதைச் செய்யலாம். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 334 ஜூல் வேண்டும். 3 கிலோ பனிக்கட்டிக்குச் சுமார் 10 இலட்சம் ஜூல். 50 லிட்டர் பெட்டியின் சுவர் வழியே விநாடிக்கு 30 ஜூல் வெப்பம் நுழைவதாகக் கொண்டால், அது 9 மணி நேரத்துக்கு வரும். பகலில் எஞ்சினோ சூரியனோ மூன்று தண்ணீர் பாட்டில்களை உறையவைத்தால், இரவு முழுவதும் கம்ப்ரசர் அநேகமாகத் தூங்கலாம்; மின்கலமும் பிழைக்கும். இன்சுலினை மட்டும் அந்தப் பாட்டில்களை ஒட்டி வைக்கக் கூடாது.

உங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் இதைச் சோதித்துப் பாருங்களேன். வீட்டாரிடம் சொல்லிவிட்டு, உள்ளே ஒரு வெப்பமானியை வையுங்கள். மின்சாரம் நிறுத்தப்படும் ஒரு பகலில், நிற்கும்போதும் மீண்டும் வரும்போதும் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள்; நடுவில் கதவைத் திறக்காதீர்கள். அடுத்த முறை மின்தடைக்கு முந்திய நாளே இரண்டு தண்ணீர் பாட்டில்களை, நீர் விரிவடைய இடம் விட்டு, உறையவைத்து, மின்சாரம் நின்றதும் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு மறுபடி குறியுங்கள். இரண்டு அளவீடுகளிலிருந்தும் உங்கள் பெட்டிக்குள் விநாடிக்கு எத்தனை ஜூல் நுழைகிறது என்று உங்களால் கணக்கிட முடிகிறதா பாருங்கள்.