ஒரே தாளம், 16 நிமிடம்... ராவெலின் ‘பொலேரோ’ கேட்டிருக்கிறீர்களா?

மொபைலில் முதல்முறை ‘பொலேரோ’வைப் போடுபவர்கள் உடனே வால்யூமைக் கூட்டிவிடுவார்கள். காரணம், ஆரம்பத்தில் எதுவுமே கேட்காது. போனில் கோளாறு இல்லை. இசையே அப்படித்தான் தொடங்குகிறது. ஒரு சின்ன டிரம், தந்திகளை விரலால் சுண்டும் மெல்லிய ஓசை, அதன் மேல் ஒற்றைப் புல்லாங்குழல். அவ்வளவுதான். ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள், ஆனால் வால்யூமைக் கூட்டாதீர்கள். 15-வது நிமிடத்தில் காது பாவம்!

இதை எழுதிய மோரிஸ் ராவெல், ஸ்பெயின் எல்லையை ஒட்டிய சிபூர் என்ற பிரெஞ்சு ஊரில் 1875-ல் பிறந்தவர். நடனக் கலைஞர் இடா ரூபின்ஸ்டைனுக்காக அவர் அமைத்த இந்த பாலே இசை, 1928 நவம்பரில் பாரிஸ் ஒப்பேராவில் அரங்கேறியது. டிரம்காரர் ஒரே தாளக்கட்டை 169 முறை வாசிக்கிறார். மெட்டு என்று பார்த்தால் இரண்டே இரண்டுதான், அவையே மாறி மாறி வரும். வாத்தியங்கள்தான் மாறுகின்றன. புல்லாங்குழலிடமிருந்து கிளாரினெட் வாங்கிக்கொள்ளும், பிறகு சாக்ஸபோன், டிராம்போன் என்று நீளும். சத்தம் ஏறிக்கொண்டே போகும். வேகம் மட்டும் ஏறக் கூடாது.

அந்த வேகத்தில்தான் வம்பு வந்தது. 1930-ல் புகழ்பெற்ற இசை நடத்துநர் டோஸ்கானினி பாரிஸில் இதை விறுவிறுவென நடத்த, கேட்க வந்திருந்த ராவெல் ‘இவ்வளவு வேகம் கூடாது’ என்று அவரிடமே அதிருப்தியைச் சொல்லிவிட்டார்.

ராவெல் மனதில் இருந்த வேகம் என்ன என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு லாமூரோ ஆர்கெஸ்ட்ராவை அவரே நடத்திய பதிவு இருக்கிறது. சுமார் 16 நிமிடம். கரகரப்பு இருக்கும். அந்தக் கால இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு நான்கு நிமிடம்போலத்தான் பிடிக்கும். அப்போது வாங்கியவர்கள் நடுநடுவே தட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுத்தான் கேட்டார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

அடுத்து, செலிபிடாகே மியூனிக்கில் நடத்திய பதிவைக் கேளுங்கள். 18 நிமிடம்! அதே இசைதான், ஆனால் யானை நடை. இரண்டிலும் கடைசி நிமிடத்தைத் தவற விடாதீர்கள். அதுவரை அசையாமல் இருந்த சுருதி சட்டென்று மாறும். அந்த ஒரு நொடிக்காகவே மொத்தத்தையும் கேட்கலாம்.

ராவெலின் பதிவைக் கரகரப்புக்காக ஒதுக்கிவிட வேண்டாம். அடுத்த சில ஆண்டுகளில் மூளையைப் பாதித்த ஒரு நோய் அவரை முடக்கியது. கையெழுத்துப் போடுவதே பெரும்பாடாகிவிட்டது. புதிய இசை எதையும் எழுத முடியவில்லை. 1937 டிசம்பரில், மூளை அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறந்தபோது அவருக்கு வயது 62. ஆனாலும் அந்த நாள்களில் அவருடைய இசையை யாராவது வாசித்துக் காட்டினால், சின்னத் தவறைக்கூடக் கண்டுபிடித்துவிடுவாராம். அவரைப் பரிசோதித்த மருத்துவரே இதைப் பதிவு செய்திருக்கிறார்.