சங்கீத சபையில் ஒரு மாலை

சங்கீதக் கச்சேரி என்பது வயிறு நிறைந்தோர் வீண்பொழுது கழிக்கும் இடம் என்று கருதும் தொண்டர்கள் சிலர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு ஒரு விஷயத்தை நினைவூட்ட விரும்புகிறோம். சென்னை சங்கீத வித்வத் சபை, அதாவது மியூசிக் அகாடமி, சீமான் எவரும் தம் புகழுக்காக எழுப்பிய மாளிகையன்று. 1927-ம் ஆண்டு டிசம்பரில் டாக்டர் அன்ஸாரி தலைமையில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி ஓர் அகில இந்திய சங்கீத மகாநாடும் நடந்தது. அதன் பயனாகவே 1928-ல் இந்தச் சபை பிறந்தது. பூரண சுதந்திரமே தேசத்தின் லட்சியம் என்ற தீர்மானம் நிறைவேறிய அதே மகாசபையின் நிழலில் தோன்றியது இது என்பதை எத்தனை ரஸிகர்கள் அறிவர்?

ஆரம்பத்தில் சபைக்குச் சொந்தக் கட்டிடம் கிடையாது. பந்தல்களிலும் கச்சேரிகள் நடந்தன. 1955-ல் ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1962-ல் மைசூர் மகாராஜா ஜயசாமராஜ உடையார் மண்டபத்தைத் திறந்து வைத்தார். மௌப்ரேஸ் ரோடு என்று வெள்ளையர் வைத்த பெயர் போய், இன்று டி.டி.கே. சாலை என வழங்கும் வீதியில் அது நிற்கிறது.

மார்கழியில் ஒரு மாலை அங்கே சென்று பாருங்கள். வாயிலைத் தாண்டியதும் முதலில் எதிர்கொள்வது நாதமன்று, நெய்யின் மணம். சிற்றுண்டிச்சாலையை நாம் குறை கூறவில்லை. காபிக்கும் கல்யாணிக்கும் சென்னையில் நெடுநாளைய உறவு உண்டு. ஆனால் பாடகர் ராகத்தை விஸ்தரித்து முடித்து, மிருதங்க வித்வான் தனி ஆவர்த்தனம் தொடங்கும் சமயம் பார்த்து எழுந்து செல்வோரை என்னென்பது? ஆயுட்காலமெல்லாம் சாதகம் செய்த ஒருவர், பிறருக்காகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் வாசித்துவிட்டு, தமக்கென்று கிடைத்த சில நிமிஷங்களில் காலி நாற்காலிகளுக்கு வாசிக்க வேண்டுமா?

இதனினும் பெரிய வழக்கு ஒன்று உண்டு. தமிழ் நாட்டு மேடையில் தமிழுக்கு எந்த இடம்? 1941-ல் அண்ணாமலை நகரில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கூட்டிய மகாநாடு, கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு முதன்மை வேண்டுமென்றது. சங்கீதத்தில் பாஷை குறுக்கிடலாகாது என்பது வித்வத் சபையின் கட்சி. ராஜாஜியும் டி.கே.சி.யும் கல்கியும் தமிழிசையின் பக்கம் நின்றனர். 1943-ல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. தியாகராஜரின் கிருதிகளை விலக்க வேண்டுமென்று அறிவுடையோர் எவரும் சொல்லார். அவர் காவேரிக் கரையிலே பாடியவர், நம்மவரே. ஆயினும் ராகமும் நிரவலும் ஸ்வரமும் பிற பாஷைக்கு, கடைசியில் துக்கடா மட்டும் தமிழுக்கு என்ற பழக்கம் நியாயமாகுமா? முத்துத் தாண்டவரையும் அருணாசலக் கவிராயரையும் கச்சேரியின் நடுவே வைத்துப் பாடுகிற வித்வான்கள் இன்று இருக்கிறார்கள். அவர்களுடைய கச்சேரிக்குக் கூட்டம் சேர வேண்டும். அது ரஸிகர் பொறுப்பு.

சபையின் கதவுகள் தாமாகத் திறந்தவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தேவதாசி மரபினரின் சதிரை இழிவென்று பலர் தள்ளிய காலத்தில், 1931-ல் தஞ்சாவூர்க் கல்யாணியின் புதல்விகளை மேடையேற்றியது இச்சபை. அதற்காக உழைத்தவர் சிறை சென்ற தேசபக்தர் இ. கிருஷ்ணய்யர். இருந்தும் 'சங்கீத கலாநிதி' விருது ஒரு பெண்மணிக்குக் கிட்ட 1968 வரை, எம்.எஸ். சுப்புலக்ஷ்மி வரை, காத்திருக்க நேர்ந்தது. பாலசரஸ்வதிக்கு 1973-ல்தான் கிடைத்தது.

சீட்டு விலையைக் கண்டு அஞ்சுவோர் பகலிலே செல்லலாம். இளம் வித்வான்கள் பாடும் பகல் கச்சேரிகளில் பணமின்றிக் கேட்கக்கூடியவை உண்டு. காலையில் நடக்கும் வித்வத் சதஸில் ஒரு ராகத்தின் ஒரு ஸ்வரம் பற்றிப் பெரியவர்கள் காரசாரமாக வாதிப்பதையும் கேட்கலாம். நம் கமிட்டிக் கூட்டங்களில் அவ்வளவு சுவையான சண்டை நடப்பதில்லை.